ஆதிமூலத்தின் கைத்தடம்

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கொள்ளிடம் பாலத்துக்கு வடக்கே மூடிப்போன அந்த லெவல் கிராசிங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஆ. பரமார்த்தலிங்கம். அவருடைய தங்கை ஆவுடையம்மாள். ஆவுடையம்மாளின் மகள் வடிவு. கைத்தட அலுவலகத்து அதிகாரி ஷர்புன்னிசா. கிராசிங்கை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருக்கும் தனபாக்கியம். ஆறாவது ஆள் கிடையாது. ஆட்டோ அவர்களை இறக்கிவிட்டுத் தானாகவே திரும்பிப் போய்விட்டது.

திருநெல்வேலியிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் வழியில் அவர்களுக்குத் திருச்சியில் நான்கு மணி நேரம் இடைவேளை வாய்த்தது. மூன்றே காலுக்கு இறங்கினார்கள். அடுத்த வண்டி ஏழு இருபதுக்கு. மறுநாள் புதன்கிழமை மயிலாடுதுறையில் வடிவுக்கு நிச்சயதார்த்தம். வேறு பெண்ணாக இருந்தால் அந்த நேரத்தில் மலைக்கோட்டைக்குப் போயிருப்பாள், இல்லை புடவைக் கடைக்குப் போயிருப்பாள். வடிவு காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயில்களைப் படம் பிடிக்கக் கிளம்பினாள். வயது இருபத்தேழு, அணைகளைச் சோதிக்கும் பொறியாளர், ரயிலைக் கண்டால் மட்டும் ஐந்து வயது.

கல்யாணப் பெண் நிச்சயத்துக்கு முந்தின நாள் தண்டவாள ஓரத்தில் திரிவதைப் பரமார்த்தலிங்கம் சாதாரணமாக அனுமதிக்கிறவரல்லர். அன்றைக்கு அனுமதித்தார், தாமும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே போனார். காரணம், அந்த ரயில்களில் சிலவற்றின் நெற்றியில் எழுதியிருந்தது அவருடைய தந்தையின் பெயர்.

ரயில்களில் ஓட்டுநர் இல்லாமல் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெறும் இயந்திரத்தை நம்பி ஜனங்களை ஏற்றத் துணியாமல், பழைய ஓட்டுநர்களில் கைதேர்ந்தவர்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள் ஓட்டிய காலத்தில் எஞ்சினில் பதிவான ஒவ்வொரு கையசைவையும், எங்கே பிரேக் போட்டார்கள், எங்கே கூட்டினார்கள், எங்கே ஹார்ன் அடித்தார்கள் என்பதையெல்லாம் திரட்டி, அந்தக் கையை அப்படியே எஞ்சினுக்குள் வைத்தார்கள். அதற்குக் கைத்தடம் என்று பெயர். யாருடைய கையோ அவர் பெயர் எஞ்சினின் நெற்றியில் வெள்ளை எழுத்தில் இருக்கும். 'இ. ஆதிமூலம்' என்ற பெயரோடு முப்பத்தொரு எஞ்சின்கள் ஓடின. ஆதிமூலம் இறந்து பதினாறு வருஷம்; ஆனால் தெற்கே வருகிற வண்டி சீராக நின்றால், தண்ணீர் பாட்டில் ஆடாமல் நின்றால், "இது ஆதிமூலம் வண்டி" என்று பயணிகள் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெயர் தாங்கிய வண்டி கடந்தால் பரமார்த்தலிங்கம் உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நிற்பார்.

முதலில் ஜங்ஷன் மேம்பாலத்தில் நின்றார்கள். பிறகு பொன்மலை வளைவுக்குப் போனார்கள்.

"மாமா, கொஞ்சம் நகந்து நில்லுங்க. உங்க குடை தாத்தா பேர மறைக்கு," என்றாள் வடிவு.

"குடையும் உங்க தாத்தா வாங்கித் தந்ததுதான். அதையும் சேத்து எடு."

"இப்படியே பேசிட்டு இருங்க, வண்டி போயிரும்."

"உங்க தாத்தா வண்டி யாருக்காவயும் நிக்காது, யாரையும் விட்டுட்டும் போவாது." இதைச் சொல்லும்போது பரமார்த்தலிங்கத்தின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. ஆவுடையம்மாள் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே அச்சு," என்றாள்.

வடிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் நின்றால் எல்லா வண்டியையும் ஒரே ஷட்டர் வேகத்தில்தான் எடுப்பாள். கொஞ்சம் மந்தமான வேகம். வண்டி ஓடுகிற ஓட்டம் படத்தில் தீற்றலாகத் தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம். ஐந்து மணிக்கு அந்தப் பழைய கிராசிங்குக்கு வந்து சேர்ந்தார்கள். இருபுறமும் வாழை. மேற்கு வெயில் தண்டவாளத்தின் மேல் நீளமாகக் கிடந்தது. சாலையைச் சுரங்கப்பாதையாக்கிக் கேட்டை அகற்றி வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு கம்பங்கள்தான் மிச்சம். முக்கால் மணி நேரத்தில் ஆறு வண்டிகள் போயின. வடிவு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்களேன். நாலு வண்டி தீத்துனாப்ல விழுந்திருக்கு. ரெண்டு மட்டும் பேர வாசிக்கிற அளவுக்குத் தெளிவு. ரெண்டும் தாத்தா வண்டி."

"நல்லாத்தான எடுத்திருக்க."

"நான் ஒண்ணும் மாத்தல. தாத்தா வண்டி ரெண்டும் இங்க வந்து மெதுவாப் போயிருக்கு. சிக்னல் பச்சைதான். ஹார்னும் அடிச்சுது, கேட்டியளா? மத்த வண்டி எதுவும் அடிக்கல."

பரமார்த்தலிங்கம் கேட்டிருந்தார். ஒரு குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி. அந்த இடத்தில் அதற்கு அவசியமே இல்லை. வாழைக்கு நடுவே தெரிந்த ஓட்டு வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "போதும், கிளம்புவோம்," என்றார்.

ஆதிமூலம் பன்னிரண்டு வருஷம் திருச்சியில் தனியாக இருந்தவர். ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் சமையல், மாதத்துக்கு இரண்டு தரம் ஊருக்கு வரவு. அந்தப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பரமார்த்தலிங்கத்தின் அம்மா திருச்சி என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டாள். மகன் அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல், அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கிளம்ப முடியவில்லை. ஷர்புன்னிசா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கைத்தடத்தைப் புதுப்பிக்க வாரிசின் கையெழுத்து வேண்டியிருந்தது. இடைவேளையில் வாங்கிக்கொள்வதாக முன்பே ஏற்பாடு. படம் எடுக்கும் இடத்துக்கே வருகிறேன் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"வணக்கம்ங்க ஐயா. நல்ல சேதி. முப்பத்தொண்ணு இப்ப இருநூறு ஆவுது. தெக்க ஓடுற பாதி எஞ்சின்ல அப்பா பேருதான்." படிவத்தை ஸ்கூட்டர் இருக்கையில் விரித்தாள். "ஒரே ஒரு எடம். பதினோராவது பத்தி. போன ரெண்டு தடவையும் கோடு போட்டு விட்டுட்டீங்க."

"என்ன பத்தி அது?" என்றாள் வடிவு.

"காரணம் தெரியாத பழக்கம்னு ஒண்ணு இருக்குங்க. இதோ இந்த கேட்ல உங்க தாத்தா வேகத்தக் கொறச்சு ஹார்ன் அடிப்பாரு. ஏன்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியலேன்னா அழிச்சிர வேண்டியதுதான?"

"அங்கதான் அடிபட்டோம். ஆரம்பத்துல ஒரு டிரைவரு ஒரு மேட்டுல சும்மா மெதுவாப் போறாருன்னு அத அழிச்சோம். மழைக்காலத்துல அங்க மண்ணு எறங்கிடுச்சு. அவருக்குத் தெரிஞ்சிருந்திருக்கு, எங்களுக்குத் தெரியல. அதுலேர்ந்து சட்டம். காரணம் தெரியாம ஒரு பழக்கத்தையும் தொடக் கூடாது. காரணத்த வாரிசுதான் எழுதணும். வெளியாள் சொன்னா எடுத்துக்க மாட்டோம், செத்தவர் பேர யாரு வேணா கெடுக்கலாம்ல."

"எழுதினா?" என்றார் பரமார்த்தலிங்கம்.

"பழக்கத்த எடுத்துடலாம். எழுதுனது பதிவேட்டுல நிக்கும், யாரு வேணா பாத்துக்கலாம். கோடு போட்டீங்கன்னா ஒண்ணும் இல்ல, இருநூறுலயும் இப்படியே ஓடும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அந்த வீட்டம்மா எங்களுக்குப் பதினாலு வருஷமா எழுதிக்கிட்டு இருக்காங்க. நாங்க உங்க விலாசத்தத்தான் குடுத்தோம்."

அப்போது தெற்கிலிருந்து வண்டி வந்தது. வெகுதூரத்திலேயே வேகம் தணிந்தது. ஒரு குட்டை, ஒரு நெட்டை. ஓட்டு வீட்டிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தாள். அறுபத்தைந்து தாண்டியிருக்கும். தண்டவாளத்தைப் பார்த்து வலது கையை உயர்த்தினாள். வடிவின் காமிரா சத்தமிட்டது. எஞ்சினின் நெற்றியில் இ. ஆதிமூலம். பரமார்த்தலிங்கம் வழக்கம்போல நிமிர்ந்து நின்றார். ஆனால் பார்வை எஞ்சின் மேல் இல்லை.

வண்டி போனதும் அந்தப் பெண்மணி தண்டவாளத்தைத் தாண்டி அவர்களிடம் வந்தாள்.

"ரயில்வேகாரங்களா?"

"நான் கைத்தட ஆபீஸ்மா. நீங்க எழுதுன கடுதாசியெல்லாம் பாத்திருக்கேன்," என்றாள் ஷர்புன்னிசா.

"பாத்து என்ன பண்ணுனீங்க? அவரு புள்ளைக்கு எழுதச் சொன்னீங்க. ஒம்பது எழுதுனேன், ரிஜிஸ்தர் தபால்ல. ஒம்பதும் ஒட்டுன பசை பிரியாமத் திரும்பி வந்துச்சு. 'தனபாக்கியம்'னு நான் எழுதுன பேருக்கு மேலயே, 'வாங்க மறுத்தார்'னு."

அந்தப் பெயர் பரமார்த்தலிங்கத்துக்குத் தெரிந்த பெயர். தனபாக்கியம், பழைய கேட், திருச்சி. முதல் உறை வந்த அன்று அவர் தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி, கையால் தொடாமல் திருப்பி அனுப்பினார். தந்தைக்குத் திருச்சியில் ஒருத்தி இருந்திருக்கிறாள், உரிமை கேட்டு வருகிறாள் என்று முடிவு கட்டினார். அடுத்த எட்டுக்கும் அதே முடிவு. குடும்பப் பெயரைக் காத்துவிட்டதாக ஒன்பது தரமும் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆவுடையம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணாச்சி, நம்ம யாருன்னு சொல்ல வேண்டாம். வாங்க போவோம்."

"நான்தான் ஆதிமூலத்தோட மூத்த மகன்," என்றார் பரமார்த்தலிங்கம். "கடிதத்தத் திருப்பி அனுப்பினது நான்தான். என்ன எழுதியிருந்திய?"

தனபாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை. அவளுக்குக் கோபமெல்லாம் ஐந்தாவது கடிதத்தோடு தீர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

"எங்கப்பா இங்க கேட்கீப்பரு. அவரு போனப்புறம் இந்த வூட்டுலயே தங்கிட்டோம், அம்மா, நான், தம்பி. அப்ப ராத்திரியில கேட்டுக்கு ஆளு கெடையாது. டிரைவரு ஹார்ன் அடிக்கணும், நாம பாத்துத் தாண்டணும். நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு. விடியக்காலம் பனி. தம்பி பால் கேனோட சைக்கிள்ல தாண்டுனான். உங்கப்பா அன்னிக்கு ஹார்ன் அடிக்கல."

"விசாரணை நடந்திருக்குமே," என்றாள் வடிவு மெல்ல.

"நடந்துச்சும்மா. அடிச்சேன்னு சொன்னாரு. ஹார்ன் அடிச்ச வண்டிக்குக் குறுக்க வுழுந்தான்னு எழுதி மூடிட்டாங்க. பத்து நா கழிச்சு வந்து எங்க வாசல்ல நின்னாரு. எங்கம்மாகிட்ட சொன்னாரு, 'அடிக்கலம்மா. கண்ணசந்துட்டேன். பிள்ளைங்க இருக்கு, வேலை போயிரும்னு பொய் சொல்லிட்டேன்'னு. எங்கம்மா அழுவல. 'போ. ஆனா இனிமே நீ இந்த எடத்துல அடிக்காமப் போவக் கூடாது. மெதுவாப் போவணும், நான் கேக்கணும்'னு சொன்னாங்க. அந்தத் தண்டனைய அவரு பதினொரு வருஷம் செஞ்சாரு. ஒரு நா தப்பல. ரிட்டையர் ஆன அன்னிக்குக் கடைசி வண்டி ஓட்டிட்டு நேரா வந்தாரு. அம்மா ஒரு சொம்பு மோர் குடுத்தாங்க. 'போதும்ப்பா'ன்னாங்க. அதோட முடிஞ்சுது."

வாழை இலை ஒன்று காற்றில் கிழிந்தது.

"முடிஞ்சுதுன்னு இருந்தோம். பதினெட்டு வருஷம் கழிச்சு ஒரு நா திரும்ப ஆரம்பிக்குது. அதே குட்ட, அதே நெட்ட. அவரு ரெண்டு நாளைக்கு ஒருக்கா அடிச்சாரு. இது ஒரு நாளைக்குப் பன்னெண்டு. அம்மா படுக்கையில கெடந்தாங்க. 'போதும்னு சொல்லிட்டேனேடி, அந்தப் புள்ளைக்குக் காது கேக்கலியா, ஏன் இன்னும் அடிக்குது'ன்னு கேட்டுக் கேட்டே ரெண்டு வருஷத்துல போய்ச் சேந்தாங்க. இப்ப நான் கைய தூக்கிக் காட்டுறேன், போதும் போதும்னு. மெஷினுக்குக் கண்ணு இருக்கா?" அவள் ஷர்புன்னிசாவைப் பார்த்தாள். "தண்டன அவருக்குப் போட்டது. இந்த இரும்புக்கு யாரு போட்டா? எனக்கு யாரு போட்டா?"

பரமார்த்தலிங்கம் கையை நீட்டினார். "படிவத்தக் கொடுங்க."

"அண்ணாச்சி!" ஆவுடையம்மாள் குறுக்கே வந்தாள். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு நாள் பாத்து வச்சிருக்கு. நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்டுல அப்பா பேரச் சொல்லித்தான பத்திரிகையே அடிச்சிருக்காவ. அந்தம்மா பாவம், நான் இல்லேன்னு சொல்லல. ஒரு வாரம் கழிச்சு எழுதப்படாதா?"

"ஒரு வாரம் தள்ளலாம்ங்க, ஐயா. நான் மறுபடி வர்றேன்," என்றாள் ஷர்புன்னிசா.

"ஒரு வாரத்துக்கு எம்பத்து நாலு வண்டி," என்றார் பரமார்த்தலிங்கம். அவர் அதைத் தங்கையிடம் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்பது தெளிவாகவில்லை.

வடிவு காமிராவை இறக்கினாள். "மாமா, நிச்சயம் எனக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியளா?"

"மாட்டேன். கேட்டா நீ எழுதச் சொல்லுவ. அப்பம் சின்னப் பிள்ள சொல்லி எழுதினதா ஆயிரும். திருப்பி அனுப்பினது நான். எழுதவும் நான்தான் எழுதணும்."

ஸ்கூட்டர் இருக்கை மேல் படிவத்தை வைத்து, குடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பேனாவைத் திறந்தார். முப்பது வருஷம் பிறர் பத்திரங்களைச் சரிபார்த்தவர். இறந்தவர் பெயர் முழுதாக என்ன என்று கேட்டார். தகப்பனார் பெயர் கேட்டார். வயது, தேதி, வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்டார். தனபாக்கியம் ஒவ்வொன்றாகச் சொல்ல, இடைவெளி விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். 'மேற்படி இடத்தில் என் தந்தை இ. ஆதிமூலம் ஒலி எழுப்பாமல் வண்டியை ஓட்டினார். அதனால் சி. மருதமுத்து, வயது பத்தொன்பது, இறந்தார். விசாரணையில் ஒலி எழுப்பியதாக என் தந்தை சொன்னது பொய். இறந்தவரின் தாயார் விதித்தபடி இப்பழக்கத்தை மேற்கொண்டார். அத்தாயாரே அவரை விடுவித்துவிட்டார். ஆகவே இப்பழக்கம் நீக்கப்பட வேண்டும்.' கையெழுத்திட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி, "சாட்சி போடணும். இங்க," என்று தனபாக்கியத்திடம் பேனாவை நீட்டினார்.

அவள் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். "நன்றி சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் பரமார்த்தலிங்கம்.

அவள் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்கள் ஏழு இருபது வண்டியைப் பிடித்தார்கள்.

மறுநாள் தட்டு மாற்றுவதற்கு முன் பரமார்த்தலிங்கம் மாப்பிள்ளையின் தகப்பனாரைத் தனியே அழைத்துப் போய், எழுதியதன் நகலைக் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் வாசித்தார். "இதை ஏன் சம்பந்தி எங்ககிட்ட காட்டுறீங்க? நாங்க கேக்கவே இல்லியே," என்றார். "கேட்டு வாங்கினா மரியாதை இல்ல," என்றார் பரமார்த்தலிங்கம். அரை மணி நேரம் அந்த வீட்டார் உள்ளே பேசினார்கள். பிறகு தட்டு மாறியது. பத்திரிகையில் இருந்த தாத்தா பெயரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இருநூறு என்ற பேச்சு அதோடு நின்றது. முப்பத்தொரு எஞ்சின்கள் மட்டும் ஓடுகின்றன. பழக்கத்தை நீக்க இருபத்தாறு நாள் பிடித்தது. அதன் பிறகு பழைய கேட்டில் ஆதிமூலம் வண்டியும் மற்ற வண்டியைப் போலவே முழு வேகத்தில் சத்தமில்லாமல் போகிறது. ரயில் படம் எடுக்கிறவர்கள் இதைக் கவனித்து, வடிவு எடுத்த படத்தையும் தேடிப் பிடித்து, வாழைத் தோப்பு ஓரத்தில் எஞ்சினை நோக்கிக் கை உயர்த்தி நிற்கும் பெண்மணியைப் பற்றித் தங்களுக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். பதிவேட்டைத் திறந்து பார்க்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கதை கல்யாணத்துக்கும் வந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் பரமார்த்தலிங்கத்தின் தோளைத் தட்டி, "பெரியவருக்குத் திருச்சியில ஒரு வீடு இருந்துச்சாமே. விடுங்க, அந்தக் காலத்து ஆம்பளைங்க! அதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்று சிரித்தார். ஆவுடையம்மாள் எதிர் வரிசையிலிருந்து, சும்மா இருங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். அந்தக் கதையை அப்படியே விட்டுவிட்டால் குடும்பத்துக்கு எவ்வளவோ நல்லது என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை. பரமார்த்தலிங்கம் இலையை மூடிவிட்டு, பந்தி முழுவதுக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். இன்னும் அந்தப் பேச்சு அங்கங்கே ஓடுவதால் அவர் சொன்னதையே இங்கே தருகிறோம்.

ஆதிமூலத்துக்குத் திருச்சியில் ஒரு பெண் இருந்ததாகவும், ஹார்ன் அடித்தது அவளுக்காக என்றும் சொல்வது தவறு. அப்படி ஒரு பெண் இல்லை. ஹார்ன் அடிக்காமல் அவர் ஓர் ஆளைக் கொன்றார். அவன் பெயர் மருதமுத்து.